ஜன்னல் கம்பியில் ஒட்டிய காந்தம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, ஜெரோம் பின்னறைக் கதவின் கைப்பிடியைத் திருப்பினான். கைப்பிடி திரும்பியது. தாழ் அதற்குப் பிறகுதான் அசைந்தது.

கண்ணிமைக்கும் நேரம்தான். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஜெரோம் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் டூல் ரூமில் பல வருடமாக மில்லிங் மிஷின் ஓட்டுகிறவன். கையால் திருப்புகிற பொருளுக்கும் அதனோடு சேர்ந்து நகர வேண்டிய பொருளுக்கும் நடுவில் எவ்வளவு தளர்வு இருக்கிறது என்பது அவன் விரல்களுக்குக் கேட்காமலே தெரிந்துவிடும். அவர்கள் தொழிலில் அதற்கு பிளே என்று பெயர். பழைய லாரியின் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்துவிட்டு வலது பக்கம் திருப்பினால் முதலில் கொஞ்சம் சும்மா சுற்றும், சக்கரம் திரும்பாது, அதுதான். தேய்ந்த மிஷின் எல்லாவற்றிலும் அது உண்டு. ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும்வரை தெரியாது, திசை மாறும்போதுதான் தெரியும்.

தாழுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனான்.

ஊரப்பாக்கத்தில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் இருந்த அந்த வீட்டின் பின்னறை, சாமான் போட்டு வைப்பதற்காகக் கட்டியது. பத்துக்குப் பத்து அறை, ஒரே கதவு, ஒரே ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர் பாசி பிடித்து நிற்கும். மழைக்காலம் என்பதால் அறைக்குள் ஈரச் சுண்ணாம்பு வாசனையும் மிஷின் எண்ணெய் வாசனையும் கலந்து, வாய்க்குள் இறங்கி நாக்கில் உட்காரும் அளவுக்குக் கனத்திருந்தன. அறையின் நடுவில், இரும்புக் கால் வைத்த பெஞ்சின் மேல், அவனுடைய மில்லிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேசை இடமிருந்து வலமாகப் போகும்போது மோட்டார் ஒரே சுருதியில் முனகியது. ஓரத்தைத் தொட்டதும் க்ளிக் என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு வலமிருந்து இடமாக, அதே முனகல்.

திருப்போரூர் பக்கம் மூடிவிட்ட ஒரு பட்டறையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அது கையால் சுற்றி ஓட்டுகிற மிஷின். சுற்றும் சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மோட்டார்களைப் பொருத்தி, வயர் இழுத்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றோடு இணைத்து, கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு நடக்கிற மிஷினாக மாற்றியிருந்தான். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் நேராக இந்த அறைதான். வேலை என்று வந்துவிட்டால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "பேசாம அந்த மிஷினையே கட்டிகினு இருந்திருக்கலாம் நீ" என்று ஜெசிந்தா சொல்வாள். அவள் கூடுவாஞ்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பொண்டாட்டி சொல்வதில் நியாயம் இருந்ததால் அவன் சிரித்துக்கொண்டே மிஷினைத் துடைப்பான்.

முந்தின நாள் சாயங்காலம்தான் கடைசி வேலை முடிந்தது. மேசையில் எவ்வளவு பிளே இருக்கிறது என்று அளந்து அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால், திசை மாறும் ஒவ்வொரு முறையும் அது அந்த அளவுக்கு மோட்டாரைக் கூடுதலாகச் சுற்றித் தளர்வை விழுங்கிவிடும். அளப்பதற்கு டயல் கேஜ் வேண்டும். கடிகாரம் மாதிரி முள் வைத்தது. அதைப் பிடித்து நிற்கும் ஸ்டாண்டின் அடியில் காந்தம் இருக்கும். அந்தக் காந்தத்தை மிஷினின் உடம்பிலேயேதான் ஒட்ட வேண்டும். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவன் வேறு எங்காவது ஒட்டியிருந்தால் ஜெரோமே கிழி கிழி என்று கிழித்திருப்பான். ஆனால் இங்கே மிஷினின் உடம்பு முழுக்க மோட்டாரும் வயருமாக அடைத்துக்கொண்டிருந்தது. கையில் காந்தத்தை வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். ஜன்னலின் இரும்புக் கம்பி எட்டும் தூரத்தில் இருந்தது. அதில் ஒட்டினான். டக் என்று பிடித்துக்கொண்டது.

முள் காட்டிய அளவு எதிர்பார்த்ததைவிட ரொம்பப் பெரிது. இவ்வளவு தேய்ந்த மிஷினா என்று ஒரு கணம் யோசித்தான். ஆனால் கேஜ் காட்டுவதோடு வாதாடக் கூடாது என்பது டூல் ரூம் பழக்கம். அந்த எண்ணை அப்படியே போட்டான். மேசையை ஓட்டிப் பார்த்தான். போய்த் திரும்பிய மேசை, முள்ளைச் சரியாகப் பூஜ்யத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. மறுபடி ஓட்டினான். மறுபடி பூஜ்யம். புத்தம் புது மிஷினில்கூட அப்படி ஒரு சுத்தத்தை அவன் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. புதிதாக வேலை முடித்த மிஷினை வெறுமனே ஓட விட்டுப் பழக்குவது வழக்கம் என்பதால், அதை ஓடவிட்டே தூங்கப் போனான். அது ராத்திரி முழுக்க ஓடியது, காலையில் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போதும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திருப்தியாக வெளியே வந்தான். வாசற்படியைத் தாண்டும்போது எடுத்து வைத்த கால் தரையைத் தொடத் தாமதமாகி, தடுமாறிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

ஹாலில் ஜெசிந்தா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு மதிய டூட்டி. நான்கு வயது ஷாரோன் தரையில் குப்புறப் படுத்து யானைக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவ பாத்துக்க. மிஷினு ரூமுக்குள்ள மட்டும் வுட்றாத."

"சரி."

"சும்மா சரி சரின்னு சொல்லாத. ஓடிகினு கீற மிஷினு. கைய கிய வச்சிட்டாள்னா?"

"வுடமாட்டேன் ஜெசி. நீ போ."

அதைச் சொன்னபோது அவன் மனதாரத்தான் சொன்னான். மகளின் விரல் நுனியில் ஒரு கீறல் விழுந்தால்கூடத் தாங்க மாட்டான்.

ஜெசிந்தா போன பிறகு மழை வலுத்தது. ஜெரோம் சமையலறையில் தட்டைக் கழுவிவிட்டுக் குழாயை மூடினான். மூடிய பிறகும் தண்ணீர் கொட்டியது, அவன் இன்னொரு முறை கையை வைக்கும் நேரத்தில் தானாக நின்றது. வாஷர் போயிருக்கும் என்று நினைத்தான். ஃபேனை நிறுத்தினான், வேகம் குறையாமல் சுற்றிக்கொண்டே இருந்து, அவன் ஹாலைத் தாண்டியபின்தான் தளர்ந்தது. அதற்கும் ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். பாத்ரூமுக்குப் போய்வந்த ஷாரோன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, கதவு தூங்கிகினு கீது."

"இன்னா கண்ணு?"

"நான் தள்ளறேன், அது தூங்குது. அப்பறம் எழுந்து வருது."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. ஜன்னல் வழியாக ரயில் சத்தம் கேட்டது. செங்கல்பட்டு பக்கம் போகிற ரயில். சற்று முன்பும் செங்கல்பட்டு பக்கம் போகிற ரயில்தான் கேட்டது. அதற்கு முன்பும். அந்தத் தெருவில் குடியிருக்கிறவர்களுக்குப் போகிற சத்தமும் வருகிற சத்தமும் பிரித்துத் தெரியும். சாப்பிட்டு எழுந்ததிலிருந்து சென்னை பீச் பக்கம் திரும்புகிற ரயில் ஒன்றுகூடக் கேட்கவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மழையில் சிக்னல் கோளாறாக இருக்கும். ஆனாலும் ஓடுகிற மிஷினை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

"பாப்பா, நீ இங்கியே வண்ணம் அடி. அப்பா இதோ வந்துட்றேன்."

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனான். உள்ளே போவது எளிதாக இருந்தது. அன்றைக்கு முழுவதும் அது மட்டும் எளிதாகவே இருந்தது.

கம்ப்யூட்டரும் சுவிட்ச் போர்டும் மிஷினுக்கு அந்தப் பக்கம், ஜன்னலை ஒட்டி இருந்தன. மிஷினைச் சுற்றிக்கொண்டு போய்ச் சிவப்பு நிற நிறுத்தும் பட்டனை அழுத்தினான். பட்டன் உள்ளே போனது. மேசை நிற்கவில்லை. இடமிருந்து வலம். க்ளிக். வலமிருந்து இடம். மறுபடி ஓங்கிக் குத்தினான். போர்டில் சுவிட்சை அணைத்தான். சுவிட்ச் கீழே இறங்கியது, பக்கத்தில் இருந்த சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பிளக்கைப் பிடித்து உருவினான். கை பின்னால் வந்தது, விரல்களுக்குள் பிளக் இருக்கிற உணர்வும் வந்தது, ஆனால் பிளக் சுவரிலேயே இருந்தது.

வயரிங்கில்தான் தப்பு என்று நினைத்தான். நினைக்க வேண்டும் என்று விரும்பினான். போனை எடுத்து பரணிதரனைக் கூப்பிட்டான். பரணிதரன் கம்பெனியில் எலக்ட்ரிகல் பார்க்கிறவன். மோட்டார் இணைப்பெல்லாம் அவன் சொல்லிக்கொடுத்ததுதான்.

"மச்சான், மிஷினு நிக்கமாட்டேங்குதுடா. அப்பறம்... கேஜ் வச்சி பிளே அளந்தேன், ரொம்ப ஜாஸ்தியா காட்டுச்சு."

"ஸ்டாண்ட எங்க ஒட்ன?"

"ஜன்னல் கம்பில."

 அந்தப் பக்கம் பரணிதரன் சிரித்தான்.

"டூல் ரூம்ல இத்தினி வருசமா இன்னாடா பண்ண நீ? அது மிஷினு பிளே இல்ல. மிஷினுக்கும் வூட்டுக்கும் நடுவுல இன்னா கீதோ அத எடுத்தாந்து போட்டுக்கிற."

"இப்ப இன்னா பண்றது?"

"இன்னா பண்றது, அந்த நம்பர அழிச்சிட்டு ஜீரோ போடு. அவ்ளோதான்."

ஜெரோம் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து அந்தக் கட்டத்தைத் திறந்தான். அழிக்கிற பட்டனைத் தட்டினான். எண் அப்படியே இருந்தது. தட்டிக்கொண்டே இருந்தான். பூஜ்யத்தை அடித்துப் பார்த்தான். அது வந்தது. பழைய எண்ணின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது. எண் பத்து மடங்கானது. அவன் கை எடுக்கும் முன்பே கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொண்டு, மேசை ஓரத்தைத் தொட்டுத் திரும்பியது. இந்த முறை க்ளிக் சத்தம் மிஷினிலிருந்து வரவில்லை. தரைக்கு அடியிலிருந்து வந்தது.

கதவைப் பார்த்துத் திரும்பினான். காலை எடுத்து வைத்தான். அடுத்த காலை வைத்தான். கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

செருப்பில்லாத பாதங்களுக்கு அடியில் தரை ஜில்லென்று இருந்தது, மழை ஜன்னல் ஷேடில் விழுந்து தெறித்தது, மிஷின் முனகியது, எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. இன்னும் ஓர் அடி வைத்தான். அப்போதுதான் அறை நகர்ந்தது. அவன் உடம்பு சட்டென்று முன்னால் போனது.

பிளே. கதவுத் தாழில், குழாயில், ரயிலில், இப்போது அவனுக்கும் அறைக்கும் நடுவில். மிஷினிலிருந்து எடுத்த தளர்வெல்லாம் இங்கே வந்திருந்தது.

வேறு எவனாக இருந்தாலும் அந்த நொடியே, எத்தனை அடி வீணானாலும் சரி என்று, ஒரே மூச்சாகக் கதவைப் பார்த்து நடந்திருப்பான். அப்போது அது முடிந்தும் இருக்கும். ஆனால் ஜெரோம் மிஷின்காரன். பிளே இருக்கிறது என்று தெரிந்தால் மிஷின்காரனின் கை முதலில் செய்கிற வேலை, கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டி எவ்வளவு என்று பார்ப்பது. அவன் ஒரு கால் முன்னால் வைத்தான், பின்னால் வைத்தான், முன்னால் வைத்தான். ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் வீணாகிற அடிகள் கூடின. ஆட்ட ஆட்டத் தேய்ந்துகொண்டிருந்தது. தான் செய்கிற காரியம் என்ன என்று அவனுக்குப் புரிந்தபோது, அடி மேல் அடி வைத்தும் அறை அசையவில்லை.

கதவு திறந்தே இருந்தது. அதற்கு அப்பால் ஹாலின் விளக்கு வெளிச்சமும், ஷாரோனின் சின்னக் கால்களும், தரையில் உருண்ட ஒரு பச்சை வண்ணக்குச்சியும் தெரிந்தன. பூட்டிய அறையாக இருந்தால் உடைக்கலாம். திறந்த கதவை என்ன செய்வது? அவனுக்கு அழுகை வந்தது. குழந்தை தனியாக இருக்கிறாள், அடுப்படி இருக்கிறது, பாத்ரூமில் பக்கெட் நிறையத் தண்ணீர் இருக்கிறது. பரணிதரன் எப்போது போனை வைத்தான் என்றுகூடத் தெரியவில்லை. ஜெசிந்தாவைக் கூப்பிட்டான்.

"ஜெசி, உடனே வூட்டுக்கு வா."

"இன்னாச்சு? பாப்பாவுக்கு இன்னா?"

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. நான் மிஷினு ரூம்ல... வெளிய வரமுடில. நீ வா."

"கைய வச்சிட்டியா? ஐயோ, வரேன், தோ வந்துகினே கீறேன்."

அவள் வைத்த பிறகுதான் உறைத்தது. அவள் வருவாள். வாசலில் நின்று பார்க்க மாட்டாள். நேராக உள்ளே வருவாள்.

மறுபடி கூப்பிட வேண்டும். உள்ளே வராதே என்று சொல்ல வேண்டும். போனின் திரையில் பழைய அழைப்பே ஓடிக்கொண்டிருந்தது. அவள் துண்டித்துவிட்டாள், போன் துண்டிக்கவில்லை. சிவப்பு வட்டத்தை அழுத்தினான். அழுத்தினான். காதில் வைத்தால் மழை இரைச்சல் மாதிரி ஒன்று கேட்டது, அதற்கு நடுவில் சீராக ஒரு க்ளிக்.

எப்போதும் நாலு தூற்றல் விழுந்தாலே போய்விடுகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை. ஆண்டவரே, கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டான். டியூப் லைட் இமைக்காமல் எரிந்தது.

யோசி. மிஷினில் பிளே இருந்தால் என்ன செய்வோம்? ஒரு புள்ளிக்கு எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். தாண்டிப் போய்விட்டால் அப்படியே திரும்பக் கூடாது. நன்றாகப் பின்னால் போய், தளர்வெல்லாம் தீருகிற வரைக்கும் போய், அங்கிருந்து நிற்காமல் ஒரே ஓட்டமாக வர வேண்டும். தொழிலில் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பது அது. கதவுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் கதவை விட்டு விலக வேண்டும்.

அவன் பின்னால் போனான். பின்னால் போவதும் உள்ளே போவதுதான், அதனால் எளிதாக இருந்தது. ஜன்னல் மூலையில், இரும்புக் கம்பி முதுகில் அழுந்த நின்றான். கம்பியில் ஒட்டிய காந்தம் தோளை இடித்தது. மூச்சை இழுத்துக்கொண்டான். கதவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

நடந்தான். தொடை வலித்தது. ஜன்னல் கம்பி இன்னும் முதுகில் இருந்தது. நடந்தான். வியர்வை கண்ணில் இறங்கியது. நிற்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. ஹாலில் ஷாரோன் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள், அந்தப் பாட்டின் முதல் வரியே மறுபடி மறுபடி வந்தது. நடந்தான். கால் கடுத்து மரத்துப்போன பிறகும் நடந்தான்.

கம்பி முதுகை விட்டது.

கம்ப்யூட்டர் அவனைக் கடந்து பின்னால் போனது. மிஷின் பக்கத்தில் வந்தது. அவன் வாய்விட்டு அழுதுகொண்டே நடந்தான். கதவு பெரிதானது. நிலையில் ஷாரோனின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள்கூடத் தெரிந்தன. இன்னும் கொஞ்சம். கை நீட்டினால் நிலையைப் பிடித்துவிடலாம்.

வலது பக்கமாக வந்த மிஷினின் மேசை அவன் இடுப்பை நோக்கி நீண்டது. இத்தனை நேரம் அவ்வளவு தூரம் வராத மேசை. அவன் நினைத்துச் செய்யவில்லை. உடம்பு தானாகச் செய்தது. அரை அடி பின்வாங்கினான்.

அவ்வளவுதான்.

கதவு கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவன் காலை முன்னால் வைத்தான். கதவு கை எட்டும் தூரத்திலேயே இருந்தது.

கையை நீட்டினான். நீட்டியது நீண்டது. மடக்கினான். மடங்கவில்லை. மூச்சை இழுத்தான். இழுத்த மூச்சு நெஞ்சில் நின்றது. விட்டான். வரவில்லை. நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆனது. பிறகு வந்தது. இனி அடுத்தது. உடம்புக்குள்ளும் வந்துவிட்டது.

"அப்பா?"

ஷாரோன் வாசற்படியில் நின்றாள். கையெல்லாம் பச்சை வண்ணம்.

"இன்னாப்பா பண்ற?"

உள்ள வராத கண்ணு. அதைத்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தான். திறந்தது. முதல் எழுத்துக்கு உதடு குவிய வேண்டும். குவியவில்லை. "ஆ" என்ற சத்தம் மட்டும் வந்தது, நீளமாக. வேண்டாம் என்று தலையை ஆட்டப் பார்த்தான். தலை இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணின் ஓரத்தில் மகள் தெரிந்தாள்.

நீட்டிய கை. திறந்த வாய். திரும்பிய தலை. ஷாரோன் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"ஸ்டேச்சூ விளையாட்டா?"

இல்லை. இல்லை. இல்லை.

"அசையக் கூடாது, நான் வந்து கிச்சுகிச்சு மூட்டுவேன்."

அவள் உள்ளே வந்தாள். எந்தத் தடையும் இல்லை. குதித்துக்கொண்டு வந்தாள். அவன் வயிற்றில் விரலை வைத்துக் கிச்சுகிச்சு மூட்டினாள். அந்தச் சின்ன விரல்களின் சூடு சட்டை வழியாக உறைத்தது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது மட்டும் வழிந்தது.

வெளியே கேட் திறந்தது. ஈரச் செருப்பு ஓடி வருகிற சத்தம்.

"ஷாரோன்! இன்னாச்சு?"

"அம்மா வந்துட்டா" என்று ஷாரோன் சிரித்துக்கொண்டே திரும்பினாள். ஓடினாள். கால்கள் ஓடின. பின்னல் இரண்டும் துள்ளின. அவன் கை விரலுக்கு ஓர் அங்குலம் கீழே, அதே தரை ஓட்டின் மேல், அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்புச் சத்தம் நின்றது.

ஜெசிந்தா ஹாலைத் தாண்டி வந்தாள். நனைந்து போயிருந்தாள், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றாள். புருஷனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள். ஜெரோம் தொண்டையிலிருந்து அந்த ஒற்றைச் சத்தத்தை எழுப்பிக்கொண்டே இருந்தான். அதில் எல்லாவற்றையும் போட்டான். வராதே. படியிலேயே நில். ஜெசி, நில்.

அவளுக்கு அது வலியில் கத்துகிற சத்தமாகத்தான் கேட்டது.

உள்ளே வந்தாள். குனிந்து ஷாரோனை வாரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "மொதல்ல இவள வெளிய வுட்டுட்டு வரேன், இரு" என்றாள். திரும்பினாள். நடந்தாள்.

அவள் முதுகு அவன் முன்னால் இருந்தது. செருப்பு ஒரே இடத்தில் சப் சப் என்று விழுந்துகொண்டிருந்தது. அவள் வேகத்தைக் கூட்டினாள். பிறகு ஓடினாள். தோளுக்கு மேலிருந்து ஷாரோன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தபோது மலர்ந்த சிரிப்பு அந்த முகத்தில் அப்படியே விரிந்திருந்தது, பல்வரிசை தெரிய, மடங்காமல். அதன் மேல் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.